உப்பளத்துக் கழுத்து

வெள்ளைத்திட்டில் எல்லோருடைய தலையும் ஒரு பெட்டி உப்பின் பாரத்துக்கு ஏறிப்போன அந்த மாசி மாதச் செவ்வாய்க்கிழமை, சுயம்புக்கனி வழக்கம்போல் நாலு மணிக்கே எழுந்து, கஞ்சியைத் தூக்குவாளியில் ஊற்றி, சும்மாட்டுத் துணியைத் தோளில் போட்டுக்கொண்டு அளத்துக்குக் கிளம்பினாள். தலைமேல் என்னவோ இருப்பதுபோல் தோன்றியதால், நேற்றைய கடைசிப் பெட்டியை இறக்காமலே வந்து படுத்துவிட்டோமோ என்று ஒரு கையை உயர்த்தித் தடவிப் பார்த்தாள். முடிதான் இருந்தது. சரி, இருந்துவிட்டுப் போகட்டும் என்று நடந்தாள்.

அளத்தில் யேசடியாளும் அதையேதான் சொன்னாள். இருவரும் ஒரே வருஷம் அளத்துக்கு வந்தவர்கள்.

"ஏளா கனி, வெறுந்தலையே ஏத்தின மாதிரி இருக்குதே. உனக்கும் அப்படியா?"

"இருக்கத்தான் செய்யுது. பேசிட்டு நின்னா வெயில் ஏறிரும். தூக்கிவிடு."

அன்று இருபத்திரண்டு பெண்களும், உப்பு வாரும் ஆண்கள் ஒருவரும் வராததைப் பற்றி நாலு வார்த்தை திட்டிவிட்டு, தாங்களே வாரி, தாங்களே அள்ளி, பாத்திக்கும் உப்பு அம்பாரத்துக்குமாக வரப்பில் நடந்தார்கள். ஒவ்வொருத்தியின் தலைமேலும் ஒரு பெட்டி, தலைக்குள்ளும் ஒரு பெட்டி. மத்தியானம் கஞ்சி குடிக்க உட்கார்ந்தபோது, இன்றைக்குக் கொஞ்சம் அசதியாக இருக்கிறது என்று மட்டும் பேசிக்கொண்டார்கள்.

ஊருக்குள் திரும்பியபோதுதான் விஷயம் தெரிந்தது. பஸ் ஸ்டாண்டு டீக்கடையில் நின்ற அத்தனை பேரும் தாடை நெஞ்சில் புதைய, தங்கள் செருப்புகளை விசாரணை செய்பவர்கள்போலத் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கிராம அலுவலர் மேஜைமேல் நெற்றியை வைத்தபடி கையெழுத்துப் போட்டார். கோயில் பூசாரி அம்மனின் பாதத்தைத் தாண்டி மேலே பார்க்க முடியாமல் பாதத்துக்கே மூன்று முறை தீபாராதனை காட்டினார். நடுத்தெருவில் ஒரு நாய், தனக்கு எதிரே இத்தனை முகங்கள் ஒரே சமயத்தில் குனிந்து வருவதைக் கண்டு பயந்து குரைத்தது. அந்தக் கும்பலுக்குள் இருபத்திரண்டு பெண்கள் மட்டும் தூக்குவாளியை ஆட்டிக்கொண்டு, நிமிர்ந்த தலையோடு நடந்து வந்தார்கள்.

ஏன் இப்படி ஆனது என்று ஊர் ஒரு வாரம் கேட்டது. கடல் காற்று என்றார்கள், செல்போன் கோபுரம் என்றார்கள், பழைய சாபம் ஒன்றைத் தேடி எடுத்தார்கள். அப்புறம் விட்டுவிட்டார்கள். காரணத்தைக் கண்டுபிடித்தாலும் தலையைத் தூக்கியாக வேண்டுமே! ஊர் எல்லையைத் தாண்டிப் போனவர்களுக்கும் பாரம் கூடவே போனது. வெளியூரிலிருந்து வந்தவர்களுக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆகவே இது எங்கள் பாரம், இதோடுதான் பிழைக்க வேண்டும் என்று வெள்ளைத்திட்டு பிழைக்கத் தொடங்கியது.

கடைக்காரர்கள் பெயர்ப்பலகையைக் கழற்றிவிட்டு வாசல் சிமெண்டில் பெயரை எழுதினார்கள். கட்சிக்காரர்கள் சின்னத்தைத் தார் ரோட்டில் வரைந்ததால் எதிர்க்கட்சிக்காரர்கள் வாய்க்கால் ஓரமாகச் சுற்றிப் போனார்கள். டீக்கு உறிஞ்சுகுழல் வந்தது. ஆளை அடையாளம் காண்பது காலில் இறங்கியது, "யாரு, சுண்டுவிரல் வளைஞ்சிருக்கே, பொன்னுலிங்கமா?" என்று கேட்டுவிட்டுத்தான் பேச்சைத் தொடங்கினார்கள். ஊரே தரையைப் பார்த்ததில் காணாமல்போன பதினோரு கம்மல் திருகுகள் அகப்பட்டன. அதில் ஒன்று, பத்து வருஷத்துக்கு முன் ஒரு கல்யாண வீட்டில் தொலைந்து, இரண்டு குடும்பங்களைப் பேச்சுவார்த்தையில்லாமல் வைத்திருந்த திருகு. முகம் பார்த்துப் பேச வேண்டுமானால் படுக்க வேண்டும் என்பதால், சாயங்காலங்களில் ஊர் முழுக்கக் கடற்கரைக்குப் போய் மல்லாந்து படுத்துக்கொண்டு, வானத்தைப் பார்த்து, பக்கத்தில் திரும்பி ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்து, சண்டை போட வேண்டியவர்கள் சண்டை போட்டு, சிரிக்க வேண்டியவர்கள் சிரித்துவிட்டு, மறுபடி குனிந்த தலையோடு வீடு திரும்பினார்கள்.

அப்படி மல்லாந்து கிடந்தவர்களில் ஒருத்தி ரூபவதி. சுயம்புக்கனியின் ஒரே மகள். பல்கலைக்கழகத்தில் எம்.ஏ. படிப்பவள். திங்கட்கிழமை லீவுக்கு வீட்டுக்கு வந்தவள், செவ்வாய்க்கிழமை காலை பாயிலிருந்து தலையைத் தூக்க முடியாமல் அழுதாள். அவள் அழுததற்குத் தலை மட்டும் காரணமில்லை. அன்றிலிருந்து நாற்பத்தோராவது நாள், பல்கலைக்கழகத்துப் பெரிய அரங்கில், மாநிலம் முழுவதிலுமிருந்து வந்தவர்களை வாதத்தில் வென்று வென்று அவள் எட்டிப்பிடித்திருந்த இறுதிச் சுற்று இருந்தது. நின்று, சபையை நேருக்கு நேர் பார்த்து, கால் மணி நேரம் வாதாட வேண்டும். முன்வரிசையில் உட்கார்ந்து அதைப் பார்ப்பதற்காகச் சுயம்புக்கனி ஆறு மாதமாக ஒரு புதுச் சேலையை மடிப்புக் கலையாமல் வைத்திருந்தாள்.

ரூபவதியின் கழுத்து கொத்தமல்லித் தண்டு மாதிரி. அது அப்படியிருக்கச் சுயம்புக்கனிதான் காரணம். மகள் ஏழு வயதில் விளையாட்டுக்குத் தலையில் ஒரு சின்னக் குடத்தை வைத்து நடந்தபோது, அதைத் தட்டிவிட்டு உடைத்து, ஈரக் கையோடு இழுத்துப்போய் முத்தாரம்மன் முன்னால் நிறுத்தி, "இந்தத் தலையில பூவத் தவிர ஒண்ணையும் ஏத்த மாட்டேன் தாயே" என்று சத்தியம் செய்தவள் அவள். குடிதண்ணீர் லாரிக்குக்கூட மகளை அனுப்பியதில்லை. அளத்துப் பெண்கள் எல்லோரும் பிள்ளைகளுக்கு இதையே செய்தார்கள். பிள்ளையின் கழுத்து மெலிந்திருப்பதுதான் தாய் உழைத்ததற்குச் சாட்சி என்று நினைத்தார்கள். பாரம் வந்த அன்று, ஊரிலேயே ரொம்பவும் தாழ்ந்து கிடந்தவை அந்தப் பிள்ளைகளின் தலைகள்தான்.

முதலில் வெளியூர் டாக்டர் வந்து எல்லோர் கழுத்துக்கும் பட்டை மாட்டினார். மூன்றாம் நாள் பட்டைகள் விரிசல் விட்டன. அப்புறம் உடற்பயிற்சிக் கூடம் வைத்திருந்த செல்வின் மாஸ்டர், பத்துக் கிலோ தட்டு ஒன்றைப் பெல்ட்டால் தலையில் மாட்டித் தூக்கிக் காட்டுகிறேன் என்று முயன்று நாலு நாள் கட்டிலில் கிடந்தார். ஐந்தாம் நாள், குனிந்தபடியே அளத்து வரப்பில் ஏறி வந்து, சுயம்புக்கனியின் கால்களுக்கு எதிரே நின்றார்.

"யக்கா, என் கையைப் பாரு, பதினேழு இஞ்சு. தோளைப் பாரு. கழுத்துக்கு மட்டும் ஒண்ணும் செய்யாம விட்டுட்டேனே."

"கண்ணாடியில தெரியுறத எல்லாம் வளத்திருக்கீரு, மாஸ்டர்," என்றாள் யேசடியாள். "தாங்குறத விட்டுட்டீரு."

"சொல்லிக்குடுங்களேன்."

"என்னத்தச் சொல்லிக்குடுக்க? பெட்டியத் தூக்குவோம், நடப்போம்," என்றாள் சுயம்புக்கனி. அவளுக்கு உண்மையிலேயே அதற்குமேல் சொல்லத் தெரியவில்லை.

சொல்ல வைத்தவள் ரூபவதி. பாரம் வந்த பிறகு ரூபவதிக்குச் சுலபமாக வந்த ஒரே வேலை, குனிந்து எழுதுவது. பெட்டி ஏறும்போது மூச்சு உள்ளே போகிறதா வெளியே வருகிறதா, முதலில் எது இறுகுகிறது, கண் எங்கே நிற்கிறது என்று குறுக்கு விசாரணை செய்து, அம்மாவின் உடம்புக்கு மட்டுமே தெரிந்திருந்ததை ஒவ்வொன்றாக வாங்கி ஒரு நாற்பது பக்க நோட்டில் எழுதினாள். கட்டிலின் விளிம்பில் தலை வெளியே இருக்க மல்லாந்து படு. தலையை ஒரு விரல்கடை உயர்த்து. இருபது எண்ணும்வரை வை. உட்கார்ந்து உள்ளங்கையை நெற்றியில் கொடுத்துத் தள்ளு. தலை போகக் கூடாது, கையும் தோற்கக் கூடாது. அப்புறம் பிடரியில், அப்புறம் இரண்டு பக்கமும். தாடையை உள்ளே இழு, உச்சி மயிரை யாரோ மேலே பிடித்து இழுப்பதாக நினைத்துக்கொள், தோளை இறக்கு. பாரம் கழுத்தில் நிற்கக் கூடாது. முதுகு வழியே குதிகாலுக்கு ஓடிப்போக வேண்டும். "தலைய ராட்டினம் மாதிரி சுத்தாதீய, ராட்டினம் மாதிரியே கழண்டுரும்" என்பதை மட்டும் அம்மா சொன்னபடியே எழுதினாள். இதெல்லாம் வந்த பிறகு சும்மாடு. சும்மாட்டின்மேல் ஒரு கிண்ணம். கிண்ணத்தில் ஒரு கைப்பிடி உப்பு. நாளைக்கு ஒரு கைப்பிடி கூட.

கடைசிப் பாடம் இறக்குவது. அளத்தில் ஒரு சட்டம் உண்டு: பெட்டியை எவளும் ஒத்தையாக இறக்கக் கூடாது. எதிரே ஒருத்தி வந்து விளிம்பைப் பிடிக்க வேண்டும். அவசரத்தில் ஒத்தையாக இறக்கிய சொர்ணம் இன்றுவரை இடது பக்கம் மட்டுமே பார்க்கிறாள். ஏற்றியவளே இறக்க வேண்டும் என்றில்லை, ஆனால் கூப்பிட்டால் போயாக வேண்டும். பேச்சுவார்த்தை இல்லாதவளானாலும் போயாக வேண்டும்.

ஊர் அளத்துக்கு வந்தது. விடியற்காலையில் வரப்பு வரப்பாக நின்று நெற்றியில் கை கொடுத்துத் தள்ளியது. யார் எவ்வளவு தேறினார்கள் என்பதை, எதிரே நிற்பவரின் உடம்பில் எதுவரை பார்க்க முடிகிறது என்று வைத்துச் சொன்னார்கள். "பொன்னுலிங்கம் முட்டு வரைக்கும் வந்துட்டான்." "டீச்சரம்மா இடுப்பு." "பூசாரி நேத்து அம்மனோட ஒட்டியாணத்தப் பாத்துட்டு அழுதுட்டாரு." முகம்வரை எட்டிய முதல் ஆளுக்கு, செல்வின் மாஸ்டருக்கு, எதிரே நின்றது யேசடியாள். "இம்புட்டு நாளும் இந்த முகத்த வச்சிட்டா இந்தப் பேச்சு பேசினீய?" என்றார் அவர். "உம்ம முகம் மட்டும் என்னவாம், பாதம்தான் லெச்சணமா இருந்துச்சு," என்றாள் அவள். வரப்பே சிரித்தது.

அப்படித்தான் வெள்ளைத்திட்டு கழுத்தைப் பார்க்கக் கற்றது. முன்பெல்லாம் சுயம்புக்கனியின் கழுத்தைச் சொல்லிச் சிரிக்காதவர்கள் குறைவு. ஜாக்கெட் தைக்கிறவர் "உனக்குக் கழுத்து வெட்டவே தனித் துணி வேணும்" என்பார். கல்யாணத்தன்று மாமியார் தாலிக் கயிற்றை நீட்டமாக வாங்கச் சொல்லி எல்லோர் முன்னாலும் கேலி பேசினாள். இப்போது அதே கழுத்தை, காதுக்குக் கீழிருந்து தோள்வரை சரிந்து இறங்கும் அந்த இரண்டு நரம்புகளை, பிடரியில் பெட்டி விளிம்பு தேய்த்துத் தேய்த்து ஏற்படுத்தியிருந்த அந்தக் கறுப்பு மினுமினுப்பை, கோபுரத்தைப் பார்ப்பதுபோலப் பார்த்தார்கள். பெண் பார்க்க வந்தவர்கள் கழுத்துச் சுற்றளவைக் கேட்டார்கள். ரூபவதிக்கு எரிச்சலாக வந்தது. தலை இறங்கின பிறகுதானா உங்களுக்கு எங்கம்மா கழுத்து தெரிந்தது, அதுவரைக்கும் உங்கள் வீட்டுக் குழம்பில் விழுந்த உப்பெல்லாம் காற்றில் பறந்தா வந்தது என்று கேட்டாள். யாருடைய முட்டியைப் பார்த்துக் கேட்டாள் என்பதுதான் அவளுக்கே தெரியவில்லை.

அளத்து முதலாளி சித்திரவேல் வரப்புக்கு வரவில்லை. தனக்குச் சொல்லிக்கொடுக்க நாலு பெண்களைப் பங்களாவுக்கு அனுப்பிவைக்கச் சொன்னார். யாரும் போகாததால் ஒரு நாள் காரில் வந்து, கார்க் கண்ணாடியை இறக்கி, தன் மடியைப் பார்த்தபடியே பேசினார்.

"உங்களுக்கென்னம்மா, பிறவியிலேயே அப்படி அமைஞ்சிருக்கு. எங்களுக்கு வருமா?"

தலையில் பெட்டியோடு போய்க்கொண்டிருந்த சுயம்புக்கனி நின்றாள். தலைக்குள் ஒரு பெட்டி, தலைமேல் ஒரு பெட்டி.

"பிறவியில இல்ல, மொதலாளி. இருவத்தாறு வருசம்."

சொல்லிவிட்டு நடந்தாள். கார் ரொம்ப நேரம் அங்கேயே நின்றது. மறுநாள் விடியலில் வரிசையின் கடைசியில், கையில் கிண்ணத்தோடு, பட்டு வேட்டியை மடித்துக் கட்டிய இரண்டு கால்கள் வந்து நின்றன. "நிமிந்து வாரும் மொதலாளி, அங்கன ஒண்ணும் கிடக்கல," என்றாள் யேசடியாள்.

ஊர் தேறிக்கொண்டு வந்தது. ரூபவதி மட்டும் இடுப்போடு நின்றாள். கையைக் கொடுத்துத் தள்ளும் பயிற்சி இடுப்புவரைதான் கொண்டுவரும். அதற்குமேல் தலையில் பாரம் ஏறினால்தான் தலை ஏறும். அவள் எழுதிய நோட்டிலேயே அது இருந்தது. பல்கலைக்கழகத்திலிருந்து ஒரு பேராசிரியர் போன் செய்து, கஷ்டமாக இருந்தால் சொல்லிவிடு, வேறு பிள்ளையை அனுப்பலாம் என்றார். அன்று சாயங்காலம் தாயும் மகளும் பாயில் மல்லாந்து கிடந்து பேசினார்கள்.

"யம்மா, ஊருக்கெல்லாம் ஏத்துத. மொதலாளிக்குக்கூட ஏத்துத. எனக்கு ஏத்த மாட்டியா?"

"மாட்டேன்."

"ஏன்?"

"அம்மன் முன்னால சொன்ன சொல்லு."

"தலை கனத்துப் போச்சுன்னு அம்மனுக்குத் தெரியாதா?"

"உன்கூடப் பேசி எவளால ஜெயிக்க முடியும்? வாதாடுத வாயை அங்க போயி வாதாடு."

"அங்க போயி எங் கால் கட்டைவிரலோடயா வாதாட?"

சுயம்புக்கனி எழுந்து உட்கார்ந்தாள். அம்மன் ஒன்றும் சொல்ல மாட்டாள் என்பது அவளுக்குத் தெரியும். பயம் வேறு. பதினைந்து வயதில், அம்மாவுக்குக் காய்ச்சல், ஒரே ஒரு வாரம் போய் வா என்றுதான் அவள் தலையில் முதல் பெட்டியை ஏற்றினார்கள். அந்த ஒரு வாரம்தான் இன்னும் முடியவில்லை. தலையில் ஏறிய எதுவும் இறங்கி அவள் பார்த்ததில்லை; சாயங்காலம் இறங்கும், காலையில் ஏறிவிடும். வேண்டாம். மகள் குனிந்தே இருந்தாலும் இருக்கட்டும், புத்தகமாவது படிப்பாள். அந்தப் புதுச் சேலையை எடுத்து டிரங்குப் பெட்டியின் அடியில் வைத்தாள்.

முப்பத்தாறாவது நாள் மத்தியானம், வெயில் பாத்தியில் விழுந்து கண்ணைக் குத்துகிற நேரம், யேசடியாள் வெறுங்கையோடு வந்து நின்றாள்.

"கனி, அந்தக் கடைசி வரப்புல உன் மவ நிக்கா."

"எதுக்கு?"

"தலையில பெட்டியோட நிக்கா. முழுப் பெட்டி. நான்தான் ஏத்தினேன். பதினெட்டு நாளா எங்க வீட்டுக் கொல்லையில கிண்ணத்துல ஆரம்பிச்சு ஏத்திட்டு வாரேன். உன் முன்னால மட்டும் தலைய இடுப்பளவுல வச்சிட்டுத் திரிஞ்சா."

"நீயெல்லாம் ஒரு..." சுயம்புக்கனி சும்மாட்டை உருவி எறிந்தாள். "போ. போயி இறக்கு."

"இறக்க மாட்டேன். எவளையும் போகக் கூடாதுன்னு சொல்லிட்டேன். உன்னத்தான் கூப்பிடுதா."

சுயம்புக்கனி ஓடினாள். இருபத்தாறு வருஷத்தில் வரப்பில் யாரும் ஓடி அவள் பார்த்ததில்லை, அவளும் ஓடியதில்லை. தூரத்தில், வெள்ளையும் வெள்ளையுமாகக் கொதிக்கும் அந்த வெளிச்சத்துக்கு நடுவில் ஒரு பெண் நின்றாள். தாடை உள்ளே, தோள் கீழே, பார்வை பதினைந்து பாத்திக்கு அப்பால், குதிகால் இரண்டும் மண்ணில் வேர்விட்டதுபோல. யாரோ ஒரு அளத்துக்காரி, நல்ல வேலைக்காரி என்று நினைத்துவிட்டு, அப்புறம்தான் அது தன் மகள் என்று கண்டாள்.

"யாரைக் கேட்டுட்டி ஏத்தின?"

"இறக்கிட்டுத் திட்டு, யம்மா. கழுத்து நடுங்குது."

"ஏத்தினவள வரச்சொல்லு."

"ஏத்த மாட்டேன்னுதான அம்மன்கிட்ட சொன்ன? இறக்க மாட்டேன்னு சொல்லலியே." பெட்டியின் கீழிருந்து வந்த குரல் மூச்சு வாங்கியது, அப்போதும் வாதத்தை விடவில்லை. "நீ ஏத்த வேண்டாம். எப்பவும் ஏத்த வேண்டாம். வந்து இறக்கிவிடு, போதும்."

கூப்பிட்டால் போயாக வேண்டும். சுயம்புக்கனி எதிரே போய் நின்றாள். இரண்டு கைகளாலும் விளிம்பைப் பிடித்தாள். இந்தக் கைகளால் எத்தனையோ ஆயிரம் பெட்டிகளை இறக்கியிருக்கிறாள். ஒன்றுகூட இப்படிக் கனத்ததில்லை. மெதுவாக, மகளின் மூச்சோடு சேர்த்து, ஒரு பக்கமும் சாயாமல் தூக்கி, தன் நெஞ்சுக்குக் கொண்டுவந்து, தரையில் வைத்தாள்.

பெட்டி இறங்கியதும் தலை தானே மேலே மிதந்து வருகிற அந்த நிமிஷம் அளத்துப் பெண்கள் எல்லோருக்கும் தெரியும். ரூபவதிக்கு அது அன்றுதான் தெரிந்தது. இறங்கும் பெட்டியோடு குனிந்துபோன தலை எழுந்தது. அம்மாவின் முட்டி, இடுப்பு, மஞ்சள் கயிறு, கழுத்து. கழுத்தில் அவள் கண் கொஞ்ச நேரம் நின்றது. அப்புறம் முகம். முப்பத்தாறு நாளைக்குப் பிறகு, படுக்காமல், நின்றுகொண்டு பார்த்த முகம்.

"யம்மா," என்றாள். "என்னா அழகா இருக்கு உன் கழுத்து."

"பாத்தது போதும்," என்றாள் சுயம்புக்கனி. மூக்கை முந்தானையால் துடைத்தாள். "தண்ணியக் குடி. நாளைக்கு நீ இந்தப் பக்கம் வந்தியோ, காலை ஒடிப்பேன்."

"பின்ன எங்க போவேன்?"

"நான் அந்தச் சேலையத் தேடணும். நீ போயி, என்ன பேசப்போறியோ அதப் படி."

நாற்பத்தோராவது நாள் பல்கலைக்கழக அரங்கில் ஆயிரம் பேர் இருந்தார்கள். முன்வரிசையில், கசங்கிய மடிப்புகளை நீவிக்கொண்டு சுயம்புக்கனி. பக்கத்தில், தன் செலவில்லாமல் வந்த சந்தோஷத்தில் யேசடியாள். வெள்ளைத்திட்டைப் பற்றிக் கேள்விப்பட்டிருந்த பேராசிரியர் நல்ல மனிதர்; ரூபவதியின் பெயரைச் சொல்லிவிட்டு, அவரே ஓடிவந்து, மைக்கை இடுப்பளவுக்கு இறக்கி, அதன் தலையைக் கீழ்நோக்கித் திருப்பி, பக்கத்தில் ஒரு நாற்காலியும் போட்டுவிட்டு, தங்கைக்கு எல்லா வசதியும் செய்திருக்கிறோம் என்று சபைக்குச் சொன்னார். சபை இரக்கத்தோடு கைதட்டியது.

ரூபவதி மேடையேறினாள். நாற்காலியை ஓரமாக நகர்த்தினாள். தாடையை உள்ளே இழுத்து, தோளை இறக்கி, குதிகாலை ஊன்றி, தலைக்குள் இருந்த அந்தப் பெட்டியோடு நின்று, பார்வையைக் கடைசி வரிசைக்கு அப்பால் வைத்தாள்.

"சார், மைக்கை ஏத்துங்க."

அவர் நெஞ்சளவுக்கு உயர்த்தினார்.

"இன்னும்."

தாடையளவுக்கு வந்தது. முன்வரிசையில் சுயம்புக்கனி, எதிரே நிற்பவளுக்குப் பெட்டியைத் தூக்கிவிடுகிறவள்போல, தன்னையறியாமல் இரண்டு கைகளையும் உயர்த்தியிருந்தாள்.

"இன்னும் கொஞ்சம், சார்," என்றாள் ரூபவதி.